கைடுக்கு நன்றி சொல்வது எப்படி? குமரி மாவட்டத்தில் பிஎச்.டி. சேருகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியலில் பிஎச்.டி. முடித்தேன். ஐந்தரை வருடம் ஆனது. மாதிரி எடுப்பது, புள்ளியியல், கட்டுரை எழுதுவது என்று எல்லாவற்றுக்கும் யாராவது ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார்கள். கைடிடம், அதாவது ஆய்வு நெறியாளரிடம், எப்படி நன்றியோடு இருப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

முதல் வருடக் கிறிஸ்துமஸுக்கு என் கைடான மேடமுக்கு ஒரு பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு போனேன். அம்மாவிடம் கடன் சொல்லி வாங்கியது. மேடம் கவரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “மக்ளே, இத கொண்டு கடையில குடுத்து ரூவாய வாங்கு. எனக்கு நீ தரவேண்டியது ரெண்டாவது அத்தியாயம், கேட்டியா?” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. இரண்டு மாதம் அவர் அறைப்பக்கமே போகாமல் ஒளிந்து திரிந்தேன். அதற்குள் ஒரு அறிக்கை கொடுக்க வேண்டிய தேதி போய்விட்டது. அதைச் சரிக்கட்ட அடுத்த பருவம் முழுக்க ஓட வேண்டியிருந்தது.

இந்த மாவட்டத்தில் பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. குமாரகோவில் பக்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் உண்டு. நீங்கள் எங்கே சேர்ந்தாலும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் பொது. நான் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எது கடமை, எது உதவி என்று முதலில் பிரியுங்கள்

கைடு போடும் ஒவ்வொரு கையெழுத்தையும் வரம் கிடைத்த மாதிரி நினைத்துக்கொண்டு பலர் நடுங்குகிறார்கள். அந்த நடுக்கம் இருக்கும்வரை உண்மையான நன்றி வராது. அதனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகளையும் உங்கள் பல்கலைக்கழக ஒழுங்குமுறைப் புத்தகத்தையும் அச்செடுத்து ஒரு ஃபைலில் வையுங்கள்.

அதில் இருப்பவற்றில் முக்கியமானவை இவை. படிப்புக் காலம் கோர்ஸ் ஒர்க்கையும் (தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு வரை சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை. கோர்ஸ் ஒர்க் 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் உங்கள் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். பேச்சில் இன்னும் இது டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்தான். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு வைவா என்ற வாய்மொழித் தேர்வின் முடிவு வரைக்குமான வேலை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் கைடாக இருக்க முடியாது.

குழுவைக் கூட்டுவதும், படிவத்தில் கையெழுத்துப் போடுவதும், அறிக்கையை அனுப்புவதும் கைடின் வேலை. அதற்கு “நன்றி மேடம்” என்று சொன்னால் போதும். ஓய்வு நேரத்தில் உங்கள் ஏட்டைப் படிப்பது, வேறு ஊர் ஆய்வகத்துக்கு ஃபோன் போட்டு உங்களுக்காகப் பேசுவது, நீங்கள் சோர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட்டு விசாரிப்பது, இதெல்லாம் எந்த விதியிலும் இல்லாதவை. நன்றிக்கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்று. ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. சேரும் முன்பே ஓய்வுத் தேதியைக் கேட்டுவிடுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நானும் நினைத்தேன். நல்ல கைடு யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

2. ஒரு நோட்டு வாங்குங்கள்

நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யார், என்று, என்ன உதவி செய்தார்கள் என்று அதில் அன்றன்றே ஒரு வரி எழுதுங்கள். நான் இதை மூன்றாவது வருடத்தில்தான் தொடங்கினேன். முதல் இரண்டு வருடத்தில் எனக்கு உதவியவர்களில் பாதிப் பேர் எனக்கே மறந்துபோனார்கள். இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

என் நோட்டிலிருந்து சில வரிகள்:

“ஆகஸ்ட் 14. மூன்றாவது வரைபடத்தில் இரண்டு அச்சும் இடம் மாறியிருப்பதை மேடம் கண்டுபிடித்தார். அப்படியே அனுப்பியிருந்தால் கட்டுரை திரும்பி வந்திருக்கும்.”

“நவம்பர் 2. ராத்திரி கரண்ட் போனது. லேப் அசிஸ்டன்ட் அண்ணன் ஃப்ரீசரில் இருந்த 46 பாட்டிலையும் ஜெனரேட்டர் உள்ள பக்கத்துத் துறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். என்னிடம் மறுநாள்தான் சொன்னார்.”

“பிப்ரவரி 20. நூலக அக்கா ஒரு பழைய இதழை வேறு கல்லூரியிலிருந்து வரவழைத்துத் தந்தார். தபால் செலவு அவருடையது. கொடுக்க வேண்டும்.”

கடைசி வரியில் இருப்பது போன்ற சின்னக் கடன்களை அந்த வாரமே தீர்த்துவிடுங்கள். மற்ற வரிகள் நன்றியுரை எழுதும்போது கைகொடுக்கும். அதற்கு முன்பும் பயன் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோட்டைப் புரட்டிவிட்டு மேடமிடம், “அன்னைக்கு அந்த அச்சைப் பார்த்துச் சொன்னீங்களே, கட்டுரை திருத்தம் இல்லாம போயிடுச்சு” என்று சொல்லியிருக்கிறேன். அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். பொதுவாக “எல்லாத்துக்கும் நன்றி” என்று நூறு முறை சொன்னபோது அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

3. அவருடைய நேரத்தை மதியுங்கள்

மேடம் திருநெல்வேலி அபிஷேகப்பட்டிக்குப் பல்கலைக்கழக வேலையாகப் போகும்போது பஸ்ஸில் வைத்துத்தான் என் அத்தியாயங்களைப் படிப்பார். போக ஏறத்தாழ 80 கிலோமீட்டர், வர அதே அளவு. திருத்தம் எல்லாம் பச்சை மையில் இருக்கும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கும்போது எழுதியது அச்சு மாதிரி தெளிவாக இருக்கும். ஆரல்வாய்மொழி தாண்டியதும் எழுத்து ஆடத் தொடங்கும். “இந்த முடிவுக்கு ஆதாரம் எங்கே?” என்ற கேள்வி ஒரு பக்கத்தில் வரி விட்டு வரி தாவி, மேலிருந்து கீழே சரிந்து கிடந்தது. அந்தப் பக்கத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். என் சோம்பேறித்தனத்தால் சரிபார்க்காமல் விட்ட எழுத்துப்பிழைகளையும் அவர் அதே ஆடும் பஸ்ஸில் உட்கார்ந்து திருத்தியிருந்தார். அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது:

அத்தியாயம் என்றால் திரும்ப வேண்டிய தேதிக்குக் குறைந்தது 10 நாள் முன்பு கொடுங்கள். டிசி அறிக்கைக்கும் அதே 10 நாள். வெறும் கையெழுத்துப் படிவத்துக்கு மூன்று வேலை நாள். நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குகிறவர்கள் மாதாமாதம் உறுதிப்படுத்த வேண்டியதைக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். உங்கள் 37,000 ரூபாய் தாமதமானால் கஷ்டம் உங்களுக்கு. ஆனால் அலுவலகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் அலைவது பெரும்பாலும் கைடுதான்.

அச்சுப் பிரதியாகக் கொடுத்தால் பக்க எண் போட்டு, வரிகளுக்கு நடுவில் எழுத இடம் விட்டுக் கொடுங்கள். மேலே ஒரு சீட்டு வையுங்கள். அதில் மூன்றே விஷயம்: போன முறை சொன்ன திருத்தங்களில் எவை முடிந்தன, எவை முடியவில்லை, இந்த முறை எந்த இடத்தை முக்கியமாகப் பார்க்க வேண்டும். சொன்ன திருத்தத்தைச் செய்யாமலேயே அடுத்த பிரதியைக் கொடுப்பதைவிடக் கைடை வருத்துவது வேறொன்றும் இல்லை. ஒரு திருத்தம் தவறு என்று உங்களுக்குப் பட்டால், ஏன் செய்யவில்லை என்று சீட்டிலேயே எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாமல் இருப்பது நன்றிகேடு ஆகாது. என் மேடம் அப்படி இரண்டு இடத்தில் என் பக்கம் வந்திருக்கிறார்.

பருவத்தேர்வு விடைத்தாள் திருத்தும் நாட்களில் ஏட்டைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். அவர்கள் காலையில் முகாமுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புகிறார்கள்.

4. பரிசு: இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறோம்

பெரியவர்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். தப்பில்லை. ஆனால் உங்கள் ஆய்வேட்டை மதிப்பிடப் போகிறவரில் கைடும் ஒருவர். வெளித்தேர்வாளர்கள் குறைந்தது இரண்டு பேரோடு அவரும் அறிக்கை எழுதுகிறார். அந்த அறிக்கை வரும்வரை விலைமதிப்புள்ள எதுவும் உங்கள் கையிலிருந்து அவர் கைக்குப் போகக் கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தில் பல்கலைக்கழக ஆசிரியரும், பல்கலைக்கழகத் தேர்வுப் பணிக்கு அமர்த்தப்பட்டவரும் பொது ஊழியர்களே. 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். மோதிரமோ பணமோ “மரியாதைக்காக” என்று கொடுத்தாலும் பார்க்கிறவர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

நான் இப்போது சொல்லும் எல்லை இது. வீட்டு மரத்தில் வரிக்கைச் சக்கை (பலா) பழுத்தால், மட்டி வாழைக்குலை வெட்டினால், துறைக்குக் கொண்டுபோங்கள். மேசையில் வையுங்கள். ஹெச்ஓடி முதல் தண்ணீர் கொண்டுவரும் அக்கா வரை எல்லாரும் சாப்பிடட்டும். ஒருவருக்கென்று தனியாகக் கட்டிக் கொடுக்க வேண்டாம். கைடு வீட்டுக்கு முதல் முறை போகிறீர்கள் என்றால் ஒரு சீப்புப் பழம் போதும். பட்டம் வந்த பிறகு ஒரு புத்தகம் கொடுக்கலாம், உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி எழுதி.

சரி, கைடே கேட்டால்? என் கூடச் சேர்ந்த ஒரு தோழிக்கு வேறொரு துறையில் அது நடந்தது. கைடின் பிள்ளையை டியூஷனில் கொண்டு விடுவது, கரண்ட் பில் கட்டுவது, மற்ற மாணவர்களின் அசைன்மென்ட் திருத்துவது என்று ஒரு வருடம் போனது. “இவ்வளவு செய்றாரே, நாம இதுகூடச் செய்யக் கூடாதா” என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். நன்றி என்ற பெயரில் ஒருவரை ஏய்ப்பது இப்படித்தான் தொடங்குகிறது.

ஒரு முறை அவசரத்துக்கு உதவுவது மனிதத்தன்மை. வாராவாரம் என்றால் நிறுத்த வேண்டும். எப்படிச் சொல்வது? வேலையின் மீது போட்டுச் சொல்லுங்கள்: “சார், வியாழக்கிழமை சாயங்காலம் மாதிரி எடுக்கப் போகணும், இனிமேல் அந்த நேரம் எனக்கு முடியாது.” மன்னிப்புக் கேட்காதீர்கள், காரணத்தை நீட்டாதீர்கள். இரண்டாம் முறையும் வற்புறுத்தினால் தேதியும் நேரமும் எழுதி வையுங்கள், வாட்ஸாப் செய்திகளை அழிக்காதீர்கள். டிசி உறுப்பினர்களில் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. யுஜிசியின் 2023 விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அது திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்மன் என்ற குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். பாலியல் தொந்தரவு என்றால் உள்ளகப் புகார்க் குழுவுக்கு நேராகப் போங்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்தால் நன்றி இல்லாதவள் என்பார்களோ என்று என் தோழி ஒரு வருடம் பயந்தாள். அந்த ஒரு வருடம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

5. கட்டுரையில் பெயர் போடுவது நன்றிக்கடன் கிடையாது

கட்டுரையில் பெயர் என்றால் வேலை செய்தார், அதற்குப் பொறுப்பேற்கிறார் என்று பொருள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் குறிப்பிடத்தக்க பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, வெளியிடும் வடிவத்துக்கு இறுதி ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். பொதுவான மேற்பார்வையோ நிதி பெற்றுத் தந்ததோ மட்டும் போதாது. பல இதழ்கள் இப்போது 14 வகைப் பங்குகளில் யார் எதைச் செய்தார் என்று பட்டியல் கேட்கின்றன. அங்கே பொய் எழுத முடியாது.

உண்மையில் உங்கள் கைடு பெரும்பாலும் இந்த நான்கையும் செய்திருப்பார். அப்போது பெயர் போடுவது அவர் உரிமை, நீங்கள் தரும் பரிசு கிடையாது. சிக்கல் வருவது துறைத்தலைவர், கருவி கொடுத்தவர், கைடின் நண்பர் என்று பெயர்கள் நீளும்போது. எழுதத் தொடங்கும் முன்பே பேசுங்கள். முதல் பெயர் யார், இதழோடு கடிதத் தொடர்பு வைக்கும் தொடர்பு ஆசிரியர் யார், வேறு யார் என்று முடிவானதை அன்றே ஒரு மின்னஞ்சலில் “இன்று பேசியபடி” என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

நிபந்தனைக்குள் வராதவர்களுக்குக் கட்டுரைக் கடைசியில் நன்றிப் பகுதி இருக்கிறது. பெயர் போடும் முன் அவர்களிடம் கேளுங்கள். கட்டுரையின் முடிவுகளுக்கு அவர்களும் உடன்பட்டதாக வாசிப்பவர் நினைக்கக்கூடும் என்பதால் எழுத்தில் சம்மதம் வாங்குவது நல்லது. உதவித்தொகை பெற்றிருந்தால் அதன் எண்ணையும் இங்கே சேர்க்க வேண்டும்.

6. ஆய்வேட்டின் நன்றியுரை

நான் செய்த பெரிய தவறு இங்கேதான்.

என் ஆய்வு மணக்குடிப் பொழிமுகத்து (ஆறு கடலில் சேரும் இடம்) மீன்குஞ்சுகளைப் பற்றியது. இரண்டு வருடம் ஒரு அண்ணனின் வள்ளத்தில் போய்த்தான் மாதிரி எடுத்தேன். எந்த நாள் பொழி திறக்கும், எந்த மூலையில் எந்தக் குஞ்சு ஒதுங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். டீசல் காசு தவிர ஒன்றும் வாங்கியதில்லை. நன்றியுரையைப் பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி எழுதினேன். சீனியர் ஒருவருடைய பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் மாற்றினேன். மேடமைப் பற்றி “அறிவுச்சுடராகத் திகழும்” என்று எழுதினேன். அண்ணன் “உள்ளூர் மீனவர்கள்” என்ற இரண்டு வார்த்தைக்குள் போய்விட்டார்.

வைவாவுக்கு அவரையும் அழைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு வந்தார். முடிந்த பிறகு மேசையில் இருந்த பிரதியை அந்தப் பெண் புரட்டினாள். ஐந்தாவது பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். பக்கம் முடிந்தது. திரும்பவும் மேலிருந்து விரலை வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர், “சரி பிள்ள, வா, போவோம்” என்றார். என்னிடம் சிரித்துக்கொண்டே கைகூப்பிவிட்டுத்தான் போனார்.

வைவாவுக்குப் பிறகு தேர்வாளர் சொன்ன திருத்தங்களோடு இறுதிப் பிரதி கொடுக்க வேண்டியிருந்ததால் எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. மறுநாள் காலையிலேயே மணக்குடிக்குப் போனேன். பெயரை எப்படிப் போடட்டும் என்று கேட்டேன். கடற்கரையில் எல்லாரும் கூப்பிடும் பெயரைத்தான் எனக்குத் தெரியும். ஞானஸ்நானப் பெயர் வேறு. அவர் அதைத்தான் போடச் சொன்னார், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. மேடமைப் பற்றிய பத்தியையும் அப்போதே மாற்றினேன்: “ஓடும் பஸ்ஸில் என் அத்தியாயங்களை நான்கு முறை படித்துத் திருத்தியவர், ஆதாரம் இல்லாத ஒரு முடிவையும் என்னை எழுத விடாதவர்.” அதைப் படித்துவிட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள்:

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பு நோட்டை எடுத்து வைத்து எழுதத் தொடங்குங்கள். இரண்டு பக்கம் போதும். ஒவ்வொருவருக்கும் என்ன செய்தார் என்று ஒரு வினைச்சொல்லாவது இருக்கட்டும். “சிறந்த”, “மாபெரும்”, “ஒப்பற்ற” எல்லாம் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எதுவும் மிஞ்சவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.

வரிசை பெரும்பாலும் கைடு, டிசி உறுப்பினர்கள், துறை, கல்லூரி, உதவித்தொகை தந்தவர்கள், ஆய்வகம், நூலகம், களத்தில் உதவியவர்கள், நண்பர்கள், குடும்பம் என்று போகும். உங்கள் கல்லூரியில் முதல்வரையோ செயலரையோ முதலில் போடும் வழக்கம் இருந்தால் அப்படியே போடுங்கள். அதற்காகச் சண்டை வேண்டாம்.

ஒவ்வொரு பெயரையும் முதலெழுத்து, பதவி, பட்டத்தோடு அவரவரிடமே காட்டிச் சரிபாருங்கள். ஓய்வுபெற்றவர், மாறுதலாகிப் போனவர் பதவியைக் கவனியுங்கள். கருத்துத் திருட்டுச் சோதனையில் நன்றியுரையைக் கணக்கில் எடுப்பதில்லை, யுஜிசியின் 2018 விதி அதை விலக்கிவிட்டது. அதனால் சீனியரிடமிருந்து நகலெடுத்தால் எந்த மென்பொருளும் உங்களைப் பிடிக்காது. பழைய துறைத்தலைவர் பெயர் அப்படியே தங்கிவிடுவது இதனால்தான்.

ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டால் உலகமே படிக்கலாம். ஃபோன் எண், வீட்டு முகவரி, யாருடைய நோய், யாருடைய கடன், எதுவும் வேண்டாம். பேட்டி கொடுத்தவர்களின் பெயரை மறைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தால் நன்றியுரையில் உளறிவிடாதீர்கள்.

கைடோடு மனக்கசப்பு இருந்தால் பொய்யாகப் புகழ வேண்டாம், பழிதீர்க்கவும் வேண்டாம். “என் ஆய்வுக்கு நெறியாளராக இருந்த இன்னாருக்கு நன்றி” என்ற ஒரு வரி போதும். அது உண்மை.

7. வைவா நாள்

என் வைவாவுக்கு 26,500 ரூபாய் செலவானது. எழுபது பேருக்குச் சாப்பாடு, பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள், ஃபிளெக்ஸ். ஒருவரும் கேட்கவில்லை. முன்னால் முடித்தவர்கள் செய்ததால் நானும் செய்தேன். உதவித்தொகை இல்லாமல் படித்தவள் நான். அந்தக் கடனை அடைக்க ஏழு மாதம் ஆனது. எனக்கு அடுத்து வைவா இருந்த தங்கச்சியும் என்னைப் பார்த்து அதையே செய்தாள் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

வெளித்தேர்வாளரின் பயணப்படி, மதிப்பூதியம் எல்லாம் பல்கலைக்கழகம் தருவது. பில் படிவம் எங்கே வாங்குவது என்று ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு வாரம் முன்பே கேட்டு, நிரப்ப வேண்டியதை நிரப்பித் தயாராக வையுங்கள். அவரை பஸ் ஸ்டாண்டிலோ கோட்டாறு ரயில்வே ஸ்டேஷனிலோ போய் அழைத்து வருவது மரியாதை. அறை, கார், பரிசு என்று நீங்களாக ஏற்பாடு செய்ய வேண்டாம். வந்தவர்களுக்கு டீ, பழம்பொரி, ஏத்தங்காய் சிப்ஸ் போதும். அறுபது பேர் என்றாலும் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குள் முடிந்துவிடும். ஆறு பேர் கூடிப் பேசி, இனி எங்கள் துறையில் இவ்வளவுதான் என்று முடிவு செய்தால் யாருக்கும் தனியாகக் கூச்சம் இருக்காது. எங்கள் துறையில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. மேடம்தான் முதலில் கைதட்டினார்.

பேச இரண்டு நிமிடம் தருவார்கள். முடிவு அறிவித்த பிறகு பேசுங்கள், முன்னால் வேண்டாம். நோட்டிலிருந்து இரண்டு சம்பவம் மட்டும் சொல்லுங்கள். காலில் விழும் எண்ணம் இருந்தால் கைடுக்கு அது பிடிக்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்குச் சபையில் அது பெரிய சங்கடம்.

8. பட்டம் கையில் வந்த பிறகு

முடித்ததும் நம்மில் பலர் காணாமல் போய்விடுகிறோம். பட்டம் வந்த ஒரு மாதத்துக்குள் இந்த வேலைகளை முடியுங்கள்.

ஆய்வேட்டின் பைண்டு பிரதி ஒன்று கைடுக்கு, ஒன்று துறை நூலகத்துக்கு. மூலத் தரவு முழுவதும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில், எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்போடு. மாதிரி பாட்டில்களில் லேபிள் அழிந்திருந்தால் பென்சிலில் திரும்ப எழுதி ஒட்டுங்கள், ஸ்பிரிட்டில் பேனா மை கரையும். அடுத்து சேர்ந்த ஸ்காலருக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஒதுக்கி வேலையைச் சொல்லிக்கொடுங்கள். கைடு உங்களுக்குச் செலவழித்த நேரத்தில் கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பு கேளுங்கள். வேலை விளம்பரம், உங்கள் பயோடேட்டா, கடைசித் தேதி மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவைச் சொல்லுங்கள். அவர்கள் காத்திருப்பார்கள்.

களத்தில் உதவியவர்களுக்கு உங்கள் முடிவுகளை இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் மணக்குடிக்குக் கொண்டுபோனது அதைத்தான், திருத்திய நன்றியுரைப் பக்கத்தின் நகலோடு. அண்ணன் வீட்டில் இல்லை, கடலுக்குப் போயிருந்தார். மகள் வாங்கினாள். திண்ணையில் உட்கார்ந்து, விரல் வைத்து, பெயர் வந்த வரியில் நிறுத்தி, உள்ளே திரும்பி அம்மாவைக் கூப்பிட்டாள்.